அம்மா அப்பாவோடு பழைய துறைமுக நகரங்களுக்குக் கப்பல் பயணம்: செலவு கட்டுமா?

நல்லூரடி
எல்லோருக்கும் வணக்கம். அக்கா லண்டனில், தம்பி ரொறன்ரோவில், நான் அம்மா அப்பாவோடு ஊரில், யாழ்ப்பாணத்தில். கடைசியாக எல்லோரும் ஒன்றாக இருந்தது ஒரு கலியாண வீட்டில், அங்கே ஒருவரோடு ஒருவர் கதைக்கவே நேரம் கிடைக்கவில்லை. இந்த முறை ஒரு உல்லாசக் கப்பலில் சந்திப்போம் என்பது அக்காவின் யோசனை. அறையும் சாப்பாடும் ஒரே காசில் வரும், அம்மா அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹொட்டேல் ஹொட்டேலாக அலையத் தேவையில்லை, இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது புது ஊர் ஒன்று வரும். அப்பா சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அவருக்குக் கோட்டை கொத்தளம் இருக்கிற பழைய துறைமுகங்கள்தான் வேண்டும், நீச்சல் தடாகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அம்மா சைவம். எங்களிடம் இருக்கிற காசு அவ்வளவு பெரிசில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் போவதா, சிங்கப்பூர் பக்கம் போவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பருத்தித்துறை_வடை
ஏன் அவ்வளவு தூரம்? 2023 யூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா கொம்பனியின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை எல்லாம் போய்க் காங்கேசன்துறைக்கும் வந்ததே, நினைவில்லையா? அப்படி ஒரு பயணம் திரும்ப வந்தால் நீங்கள் பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போய், அங்கே கப்பல் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, வழிகாட்டியோடு யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். நல்லூருக்குப் பஸ் வரும்போது வீட்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரருக்குக் கையைக் காட்டுங்கோ.

கடல்_பார்த்தவன்
வடை அண்ணையின் பகிடியை விட்டுவிட்டு விசயத்துக்கு வருவோம். நான் கப்பல்களில் சாப்பாட்டுப் பகுதியில் வேலை செய்தவன், இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறேன். தம்பி, கப்பலின் படத்தைப் பார்த்து ரிக்கெற் எடுக்க வேண்டாம். கப்பல் எந்த இடத்தில் கட்டுகிறது, எத்தனை மணிக்குக் கட்டுகிறது, எத்தனை மணிக்கு அவிழ்க்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். பழைய நகரம் பார்க்கப் போகிறவனுக்கு வேறு எதுவும் முக்கியமில்லை.

விளம்பரத்தில் ரோம் என்று போட்டிருக்கும். கப்பல் கட்டுவது சிவித்தாவெக்கியாவில், அங்கிருந்து ரோமுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். புளோரன்ஸ் என்று போட்டால் லிவோர்னோ. பாங்கொக் என்றால் லேம் சாபாங், வீதியில் இரண்டு மணித்தியாலம் போக வேண்டும், அங்கத்தைய நெரிசலில் அதுவும் நிச்சயமில்லை. கோலாலம்பூர் என்று போட்டிருந்தால் கிள்ளான் துறைமுகம். காலை எட்டுக்குக் கப்பல் வந்து, மாலை ஐந்துக்கு வெளிக்கிடும் என்றால், நான்கரைக்கு நீங்கள் உள்ளே நிற்க வேண்டும். போகவர நாலு மணித்தியாலம், இறங்க வரிசையில் நிற்கிற நேரம் வேறு, மிச்சத்தில் அப்பா எதைப் பார்ப்பார்? படிக்கட்டில் குந்தியிருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டுவிட்டு வருவார்.

கால் வைத்தவுடனேயே பழைய நகரம் தொடங்குகிற துறைமுகங்களும் இருக்கின்றன. மால்ட்டாவின் வலெற்றா அப்படி. 1565 இல் துருக்கியரின் முற்றுகையை முறியடித்த பிறகு, அடுத்த வருசமே கட்டத் தொடங்கிய நகரம் அது. கப்பல் மதிலுக்குக் கீழேயே நிற்கும், கரையிலிருந்து மேலே பரக்கா தோட்டத்துக்கு 58 மீற்றர் லிப்ற் இருக்கிறது, முழங்கால் நோகிற பெரியவர்களுக்குப் பெரிய உதவி. மொன்ரநீக்ரோவின் கொட்டோரிலும் பழைய நகரின் வாசல் துறையிலிருந்து நடை தூரம்தான், ஆனால் அங்கே மலையில் ஏறுகிற மதிற்சுவர்ப் படிகளை அப்பாவிடம் காட்ட வேண்டாம், ஏறத்தான் பார்ப்பார். நம்முடைய பக்கத்தில் பினாங்கு. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தால் கோர்ன்வாலிஸ் கோட்டை, அதைத் தாண்டினால் ஜோர்ஜ் ரவுன். பஸ்ஸும் வேண்டாம், சுற்றுலாவும் வேண்டாம்.

இன்னொன்று, சில துறைமுகங்களில் கப்பல் கரைக்கு வராது, வெளியில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்குவார்கள். மலாக்கா அப்படித்தான். அலை கூடினால் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், துறைமுக வரியைத் தவிர வேறு காசு திரும்பி வராது.

ஹரோ_அக்கா
மேலே அண்ணா சொன்னதோடு வெனிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 ஓகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் சென் மார்க் சதுக்கத்துக்கு முன்னால் போக முடியாது. வெனிஸ் என்று விற்கிற பயணங்களில் கனக்க இப்போது மார்கேராவிலோ திரியெஸ்த்தேயிலோ ராவென்னாவிலோ தொடங்குகின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸுக்குப் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல்.

ஆனால் நல்லூரடிக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை விசா. அம்மா அப்பாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போட். லண்டன் விசா இருந்தாலும் செங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா, தனியாக எடுக்க வேண்டும், அதிலும் ஒருமுறை நுழைகிற விசாவா பலமுறை விசாவா என்று பார்க்க வேண்டும். குரோஷியா 2023 சனவரியில் செங்கனுக்குள் வந்துவிட்டது, அதனால் இத்தாலியிலிருந்து துப்ரோவ்னிக்குப் போனாலும் நீங்கள் உள்ளேதான். அடுத்த நாள் கப்பல் கொட்டோருக்குப் போனால் அது மொன்ரநீக்ரோ, செங்கன் இல்லை. ஒருமுறை விசாவோடு திரும்ப இத்தாலிக்குள் எப்படி வருவது? துருக்கித் துறைமுகங்களுக்கும் இதே கதை. ஏறுகிற இடத்திலேயே பத்திரங்களைப் பார்த்து ஆளை நிறுத்திவிடுவார்கள், அதற்குக் காசும் தரமாட்டார்கள். இங்கே குடியுரிமை எடுக்காமல் அகதிப் பயணப் பத்திரத்தில் இருக்கிறவர்களும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக விசாரித்துத்தான் வெளிக்கிட வேண்டும், பிரித்தானியப் பாஸ்போட்காரருக்குப் பொருந்துகிற விதி அவர்களுக்குப் பொருந்தாது. எங்கள் ஆட்கள் கனபேருக்கு இது விளங்குவதில்லை.

உங்கள் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்றால் யூலை, ஓகஸ்டில்தான் வர முடியும், அந்த நேரம் மத்தியதரைக் கடலில் விலை எங்கேயோ நிற்கும், வெயிலும் அப்படித்தான். நான் என்றால் அம்மா அப்பாவைச் சிங்கப்பூருக்குக் கூப்பிடுவேன்.

வல்வைக்காற்று
கப்பல் பயணம், துறைமுகம் என்று யாழ்ப்பாணத்தில் கதைக்கிறீர்கள், ஒருவரும் அன்னபூரணியைப் பற்றி வாய் திறக்கவில்லை! வல்வெட்டித்துறையில் எங்கள் ஆட்கள் கட்டிய பாய்க்கப்பல், அமெரிக்கரான ரொபின்சன் வாங்கிப் பெயரை மாற்ற, எங்கள் மாலுமிகளே சூயஸ், ஜிப்ரால்ற்றர் தாண்டி அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் மசச்சூசெற்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதில் லிப்ற்றும் இல்லை, ஐஸ்கிறீமும் இல்லை. சரி, நீங்கள் தொடருங்கள்.

ரொறன்ரோ_சித்தப்பா
செலவைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை. விளம்பரத்தில் இருக்கிற விலை ஒரு அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஆளுக்கான விலை. தனி ஆள் போனால் சில நேரம் இரண்டு ஆள் காசு. அதாவது உங்கள் தம்பி தனியாக வந்தால் அவரை யாராவது ஒருவரின் அறையில் மூன்றாம் ஆளாகப் போடுங்கள், மூன்றாம் நாலாம் ஆளுக்கு விலை குறையும். துறைமுக வரி தனி. பிறகு ரிப்ஸ், அதாவது ஊழியருக்கான அன்பளிப்பு, அமெரிக்கக் கொம்பனிகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டொலர் வரை அதுவாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. ஐந்து பேர், ஐந்து இரவு என்று பெருக்கிப் பாருங்கள். இணையம் தனி, சோடா தனி, குடி இன்னும் தனி, கரைச் சுற்றுலா எல்லாவற்றிலும் கூட.

எனக்கு இங்கே ஒரு முகவர் வரியும் ரிப்ஸும் சேர்த்த விலை என்று வாயால் சொல்லி விற்றார், கப்பலில் கடைசி நாள் வந்த பில்லில் இரண்டும் இருந்தன. அழைத்துக் கேட்டால் அது வேறு இது வேறு என்று ஒரு விளக்கம். ஆகவே எழுத்தில் கேளுங்கள்.

மிச்சம் பிடிக்கிற வழி என்றால், யன்னல் இல்லாத உள் அறை எடுங்கள். பகலில் ஊர் பார்க்கப் போகிறவனுக்குப் பல்கணி எதற்கு? ஆனால் கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. கரைச் சுற்றுலாவைக் கப்பலில் வாங்காமல் நீங்களே நடந்து பார்க்கக்கூடிய துறைமுகமாக எடுங்கள், கடல்_பார்த்தவன் சொன்னது அங்கேதான் காசாக மாறும். தூரத்து ஊர் என்றால் மட்டும் கப்பலின் சுற்றுலாவோடு போங்கள், அந்தப் பஸ் பிந்தினால் கப்பல் நிற்கும். நீங்களாகப் போய்ப் பிந்தினால் நிற்காது, அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தக் காசில் போக வேண்டியதுதான்.

ஊர்காவற்றுறையான்
நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஐயாவுக்குச் சரித்திரம் வேண்டும், காசு குறைவு. அப்படியென்றால் இந்தப் பெரிய கப்பல்களை ஏன் பார்க்கிறீர்கள்? காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. 2023 ஒக்டோபரில் செரியாபாணி என்ற கப்பலோடு தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. 60 கடல் மைல், நாலு மணித்தியாலம் போல. மாரிக் காற்றுக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்துத்தான் போக வேண்டும். இந்திய விசாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே துணைத் தூதரகம் இருக்கிறது.

இறங்கினால் நாகப்பட்டினம். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ், அதே வருசம் நாகையையும் பிடித்தார். அந்த ஊரில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரை இருந்தது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்கிற செப்பேட்டைத்தான் லெய்டன் செப்பேடு என்கிறோம். ஐயாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். வடக்கே கொஞ்ச தூரத்தில் நாகூர் தர்கா, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா அங்கே நிற்கிறது. அதையும் தாண்டினால் காரைக்கால், 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில். இன்னும் போனால் தரங்கம்பாடி, 1620 இல் டென்மார்க்காரர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706 இல் ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கியது அங்கே, தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அங்கே. பக்கத்தில் பாண்டியன் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பாதி தின்றுவிட்டது. அதற்கும் வடக்கே பூம்புகார். ஒரே கரையோர வீதி, பஸ் ஓடுகிறது, சைவச் சாப்பாட்டுக்கடை எங்கேயும் உண்டு. ஐரோப்பாவில் இவ்வளவு கொடிகள் ஏறி இறங்கிய கரையை ஒரு நாளில் பார்க்க வேண்டுமென்றால் எவ்வளவு கொடுப்பீர்கள்?

அதற்கும் காசில்லை என்றால் நயினாதீவுக்குப் போங்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் பொலன்னறுவை மன்னன் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெளிநாட்டார் ஊராத்துறைக்குத்தான், அதாவது எங்கள் ஊர்காவற்றுறைக்குத்தான், வந்து இறங்க வேண்டும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் அரைப்பங்கு என்கிறது. 12ஆம் நூற்றாண்டில் துறைமுக விதியைத் தமிழில் எழுதி வைத்த கரையில் இருந்துகொண்டு துறைமுகம் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்கிறோம்.

நல்லூரடி
ஊர்காவற்றுறையான் அண்ணை, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். ஆனால் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்களைப் பிள்ளைகளோடு நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏற்ற அக்கா சம்மதிக்கமாட்டா. எல்லோரும் ஒரு கூரைக்குக் கீழே நாலைந்து இரவு இருக்க வேண்டும், அதுதான் முதல் நோக்கம். சிங்கப்பூர் பக்கம் என்றால் அப்பாவுக்குப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? கண்ணாடிக் கட்டடங்களும் கடைகளும்தானே என்கிறார்.

கடல்_பார்த்தவன்
ஐயாவிடம் சொல்லுங்கள், ஊர்காவற்றுறையானின் நாகூர் அங்கேயும் இருக்கிறது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் நாகூர் தர்கா என்றே ஒன்று உண்டு, 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அந்த நேரம் அதற்கு முன்னால் கடல், வந்திறங்கியவன் முதலில் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குள் போனான். இப்போது கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள், அந்த வீதியில் நின்றால் தண்ணீரே தெரியாது. பினாங்கிலும் சூலியா வீதியில் இன்னொரு நாகூர் தர்கா. நாகையில் கப்பலேறிய ஆட்கள் இறங்கிய துறைகளிலெல்லாம் நாகூர் ஆண்டவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு, புக்கெற் போய்த் திரும்புகிற நாலைந்து இரவுப் பயணங்கள் பல கொம்பனிகள் விடுகின்றன. பினாங்கில் காலையில் இறங்கியவுடன் வெயில் ஏறமுதல் குயின் வீதி மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள், 1833 இல் எழுந்தது, அம்மாவுக்கு அது போதும். அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் அடுத்தடுத்த வீதிகளில். மதியம் லெபோ பசாரில் வாழையிலைச் சைவச் சாப்பாடு கிடைக்கும். கப்பலுக்குள்ளேயும் சாப்பாடு இருக்கும்தான், ஆனால் அங்கே வந்து கப்பலில் சாப்பிடுகிறவனை நான் மனிசனாக மதிக்கமாட்டேன்.

மலாக்காவைக் கப்பலில் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. நங்கூரம் போட்டுப் படகில் இறக்கிற அலுப்பு ஒன்று, அரை நாள் போதாது என்பது மற்றது. பயணம் முடிந்த பிறகு சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் ஒரு இரவு தங்குங்கள், எல்லைக் கடவையில் வரிசை இல்லையென்றால் நாலு மணித்தியாலம் போல. 1511 போர்த்துக்கேயர், 1641 ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். யாழ்ப்பாணம் பட்ட பாடு அப்படியே, அதே ஆட்கள், அதே வரிசை. போர்த்துக்கேயக் கோட்டையில் ஒரு வாசல் மட்டும் மிஞ்சி நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் மலாக்காச் செட்டிகள், அதாவது பழைய தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள், எழுப்பிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் 1781 இலிருந்து இருக்கிறது. அந்தச் சனம் வீட்டில் மலாய்தான் பேசும், சாமி கும்பிடுவது எங்களைப்போல. ஐயா அவர்களோடு ஒரு பின்னேரம் கதைத்தால் திரும்பி வர மனம் வராது.

ஹரோ_அக்கா
விசா விசயத்தில் இந்தத் தெரிவு கனக்க இலகு. இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூரில் முன்கூட்டி விசா வேண்டாம், வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் சரி. கப்பலால் திரும்பி இறங்கும்போதும் அதை மறுபடி நிரப்ப வேண்டும், கனபேர் அங்கே நின்று தொலைபேசியைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். மலேசியாவுக்கு அம்மா அப்பாவுக்கு ஈ-விசா எடுங்கள், மலாக்காவுக்குப் பஸ்ஸில் போவதென்றால் கப்பலில் ஒரு முறை, பஸ்ஸில் ஒரு முறை என்று இரண்டு நுழைவு வருகிறது, எடுக்கும்போதே அதைக் கவனியுங்கள். ரிக்கெற் போட முதல் கப்பல் கொம்பனியிடம் இலங்கைப் பாஸ்போட் என்று சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பருத்தித்துறை_வடை
அம்மாவின் பெட்டிக்குள் புழுக்கொடியலும் பருத்தித்துறை வடையும் போகுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கடல்_பார்த்தவன்
வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கப்பல்களில் ஏற்ற விடுவதில்லை. கடையில் வாங்கிய, உடைக்காத பக்கற் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். சைவம் என்பதை ரிக்கெற் எடுக்கும்போதே எழுத்தில் கொடுங்கள், ஏறின முதல் இரவு சாப்பாட்டு மண்டபப் பொறுப்பாளரிடமும் நேரில் சொல்லுங்கள், முட்டையும் மீன் சோஸும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கக் கப்பல்களில் இந்தியப் பயணிகள் கனபேர், சோறும் பருப்பும் பிரச்சினையே இல்லை. உறைப்பு இருக்காது, மிளகாய்த்தூள் ஒரு சின்னப் பக்கற் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லூரடி
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் கதைத்தோம். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போய் வருவது, உள் அறைகள் மூன்று, பிறகு மலாக்காவில் ஒரு இரவு. கரைச் சுற்றுலா ஒன்றும் வாங்குவதில்லை. அக்காவின் பிள்ளைகளுக்கு யூலைக் கடைசியிலும் ஓகஸ்டிலும்தான் விடுமுறை, ஆனால் நல்லூர்க் கொடி ஏறினால் தேர், தீர்த்தம் முடியும்வரை அம்மா ஊரை விட்டு அசையமாட்டா, ஆகவே கொடியேற்றத்துக்கு முதல் திரும்பி வருகிற மாதிரி யூலைக் கடைசியில் பார்க்கிறோம். அப்பா நாகப்பட்டினத்தை விடுவதாக இல்லை, அதை அவரும் நானும் மாத்திரம் மாசி, பங்குனியில் கப்பல் ஓடுகிறதா என்று பார்த்துப் போவோம்.

ரொறன்ரோ_சித்தப்பா
யூலைக் கடைசி என்றால் இப்போதே எடுங்கள், மூன்று பேர் அறைகள் முதலில் முடிந்துவிடும். எல்லோருடைய பாஸ்போட்டிலும் திரும்பி வருகிற நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், முக்கியமாக அப்பாவுடையதை.